கெசியா காயவில்லை

செம்மணல்விளை வாலிபர் சங்கம் சங்குமேட்டுக் கடற்கரையில் முகாம் முடித்துத் திரும்பிய நாளிலிருந்து கெசியாவின் உடம்பில் ஈரம் காயவில்லை. அவளுடைய அம்மா ரத்தினபாய் வீட்டிலிருந்த துண்டுகளையெல்லாம் எடுத்துத் துவட்டிப் பார்த்தாள், மொட்டை மாடியில் உச்சி வெயிலில் உட்கார வைத்துப் பார்த்தாள், எதிர் வீட்டு மருமகளின் ஹேர் டிரையரை வாங்கிவந்து கை வலிக்கும் வரை சூடு காட்டிப் பார்த்தாள். முடி நுனியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் சுடிதார் ஓரத்திலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கெசியாவுக்குக் காய்ச்சல் இல்லை, தும்மல் இல்லை, பசி குறையவில்லை. சொட்டிய தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்த ரத்தினபாய், "கடலுல்லா இது" என்று சொல்லிவிட்டு, அரிசி களையும் பெரிய பாத்திரத்தை எடுத்து வந்து மகளின் நாற்காலிக்குக் கீழே வைத்தாள்.

செம்மணல்விளையில் மழை பெய்தால் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்று பார்ப்பார்கள். ஊரைச் சுற்றிச் சிவந்த தேரி மணல், மணலுக்குள் பனை, பனைக்கு நடுவில் முந்திரி, இவற்றுக்கெல்லாம் நடுவில் சிலுவை வைத்த வெள்ளைக் கோபுரத்தோடு கோயில். அந்தக் கோயிலின் பாடகர் குழுவும் வாலிபர் சங்கமும் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள்தான். அவர்களை நடத்தியவன் தனசிங், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கீபோர்டு வாசிப்பவன், இன்னும் கல்யாணம் ஆகாதவன், எல்லாருக்கும் தனசிங் அண்ணன்.

தனசிங் அண்ணன் ஆள் எண்ணுவதில்லை. மற்ற ஊர்ச் சங்கங்களில் பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணுவார்கள், பெயர் வாசிப்பார்கள். இவன் எல்லாரையும் உட்காரச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, தானும் மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல் அவரவர் சுருதியில் 'ம்ம்' என்று இழுக்கச் சொல்வான். பெண்களில் மேல் சுருதி பாடுகிறவர்கள், கீழ் சுருதி பாடுகிறவர்கள், ஆண்களிலும் அப்படியே, நான்கு சுருதியும் ஒன்றின்மேல் ஒன்றாக எழுந்து நிற்கும், அதில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று கேட்டு, "ஸ்டீபன் எங்க? டீக்கடையா?" என்பான். ஸ்டீபன் டீக்கடையில்தான் இருப்பான். இந்த வழக்கம் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வீடு வீடாகப் போன ஒரு வருஷம், கூட்டத்தில் தவறிப்போன ஒரு பையனைப் பாட்டின் நடுவிலேயே அவன் கண்டுபிடித்ததிலிருந்து வந்தது. ஊருக்கு அதில் பெருமை. "எங்க வாத்தியாருக்குக் கண்ணு வேண்டாம்" என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்வார்கள்.

பெண்களின் கீழ் சுருதிக்கு அந்தச் சங்கத்தில் ஒரே ஆள், கெசியா. பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி அடங்கிய குரல். அவளுக்குப் பக்கத்திலேயே சிறு வயது முதல் உட்கார்ந்து மேல் சுருதி பாடியவள் பியூலா. கெசியா பேசுவது குறைவு, எதையும் மெதுவாகச் செய்வாள். பியூலா அவளுக்கும் சேர்த்துப் பேசுவாள். பியூலாவுக்கு யாருடைய குரலும் வரும். போதகர் இருமுவது, கோயில் கமிட்டிப் பொருளாளர் மைக்கைத் தட்டுவது, எல்லாவற்றையும்விட நன்றாகக் கெசியா. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "அம்மா, காப்பி" என்று இவள் சொன்னால் ரத்தினபாய் காப்பியோடு வந்து ஏமாந்துபோவாள், சிரிப்பாள்.

மே மாத விடுமுறையில்தான் முகாம். சங்குமேட்டில் கடல் அன்று குளம் மாதிரிக் கிடந்தது. தண்ணீர் விளையாட்டு நடத்துகிற சூசை அண்ணன் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டே, "தடிமாடு மாதிரி வளந்திருக்கிய, ஒருத்தருக்குமா நீச்சல் தெரியாது? பனையாவது ஏறத் தெரியுமாலே?" என்றார்.

"அதுவும் தெரியாதுண்ணே. கம்ப்யூட்டர் தெரியும்" என்றான் ஸ்டீபன்.

"அப்போ ஜாக்கெட்ட இறுக்கிக் கட்டு. கம்ப்யூட்டர் மிதக்காது."

பெண் பிள்ளைகள் சுடிதாரோடுதான் இறங்க வேண்டும் என்று கமிட்டி சொல்லி அனுப்பியிருந்தது. சுடிதார் உப்பிப் பலூன் மாதிரி எழும்ப, எழும்பிய துணியை அமுக்கிக்கொண்டே அவர்கள் சிரித்தார்கள். பியூலாவும் கெசியாவும் இரண்டு பேர் உட்காரும் கயாக் படகில் போனார்கள். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இடுப்பளவு ஆழத்தில் ஒரு மணல்திட்டு இருந்தது. அங்கேதான் வாழைப்பழம் மாதிரி நீண்ட பனானா போட் ஆள் ஏற்றும். மற்றவர்கள் அந்த மஞ்சள் போட்டின்மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி பியூலா, ஒரு இடம் கிடக்கு, வாறியா?" என்று கூப்பிட்டார்கள். பியூலா கயாக்கிலிருந்து குதித்துவிட்டாள்.

"எனக்குத் தனியா வராதுட்டி" என்றாள் கெசியா.

"வரும் வரும். ரெண்டு தள்ளு தள்ளினா கரை. நீ கொண்டுபோய் விட்டுரு."

பனானா போட் கவிழ்ந்தது, அலறினார்கள், மறுபடி ஏறினார்கள், மறுபடி கவிழ்ந்தது. சாயங்காலம் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தது. விசில் ஊதியதும் எல்லாரும் மணலில் வந்து உட்கார்ந்தார்கள், உதடெல்லாம் உப்பு, வயிறெல்லாம் பசி, பின்னால் கொட்டகையில் மீன் பொரியும் வாசனை. தனசிங் ஜெபம் பண்ணினான். பிறகு, "ம்ம்" என்றான்.

எல்லாரும் கண்ணை மூடிச் சுருதி எடுத்தார்கள். பியூலா ஒரு கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தாள். இடம் காலியாக இருந்தது. துணி மாற்றப் போயிருப்பாள், எப்போதும் போல மெதுவாக மாற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். ஓட்டை கேட்டால் தனசிங் அண்ணன் அவள் வரும்வரை யாரையும் எழுந்திருக்க விடமாட்டான். ஈரத்துணியோடு எல்லாரும் தன்னைப் பார்ப்பார்கள். அவளை விட்டுவிட்டு நீ ஏன் பனானா போட்டில் ஏறினாய் என்று யாராவது கேட்பார்கள். பியூலா தன் சுருதியை விட்டுவிட்டுக் கீழே இறங்கி, கெசியாவின் குரலில், கெசியா மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி, கெசியாவின் சுருதியைப் பிடித்தாள். மேல் சுருதியில் ரூபியும் இன்னும் சிலரும் இருந்ததால் அவள் விட்ட இடம் கேட்கவில்லை.

தனசிங் மூடிய கண்ணோடு சிரித்தான். "எல்லாரும் இருக்கிய. சாப்பிடப் போங்க."

சூசை அண்ணன் வந்து ஒரு கயாக் குறைகிறது என்றார். ஆட்கள் எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டார். வந்தாச்சு, இப்பதான் கேட்டேன் என்றான் தனசிங். அப்படியென்றால் காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கும், நாளைக்குத் தேடிக்கொள்ளலாம் என்று அவரும் மீன் பொரிக்கிற பக்கம் போனார். பியூலா தனக்கொரு தட்டும் கெசியாவுக்கொரு தட்டும் வாங்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. தட்டுகள் இரண்டும் கீழே விழுந்தன, அவள் ஓடிவந்து, "கெசியா இல்ல, கெசியா இல்ல" என்று கத்தினாள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஃபைபர் போட் அவளைக் கண்டுபிடித்துவிட்டது. வெகுதூரத்தில், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, காலைச் சேர்த்து, கோயில் பெஞ்சில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டாயா என்று தனசிங் கேட்டான். கூப்பிட்டேன், அப்புறம் நிறுத்திட்டேன் என்றாள். அழவில்லை. அப்போது அவளைப் போர்த்திய துண்டிலிருந்துதான் முதல் சொட்டு விழுந்தது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள் என்றார். "அவ உப்பு வெளியதான வருது டாக்டர், உள்ள எங்க இருக்கு?" என்று ரத்தினபாய் கேட்டதும் அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். கோயில் கமிட்டி கூடி, கெசியா முழங்கால்படியிட்டால் கோயில் கம்பளம் நாறிப்போகும் என்பதால் கம்பளத்தைச் சுருட்டி வைப்பதென்றும், பக்கவாசலுக்கு அருகில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவதென்றும் முடிவு செய்து, அடுத்ததாக மைக் செட் விஷயத்துக்குப் போனது. முட்டுவலிக்காரப் பெண்கள் சாயங்காலங்களில் ரத்தினபாய் வீட்டுக்கு வந்து, பாத்திரத்தில் சேர்ந்த தண்ணீரைச் சுடவைத்து, அதில் காலை ஊறப்போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். கோயில் நாற்காலியின் காலில் பூத்த உப்பைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுரண்டி மாங்காய்க்குத் தொட்டுக்கொண்டார்கள், நல்ல உப்பு என்றார்கள். தெருப்பூனைகள் அவள் பின்னால் வந்தன. மீன் இல்லை என்று தெரிந்த பிறகும் வந்தன.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் கூடியது. அந்த நாட்களில் வாசலில் மணல் மூட்டை வைப்பார்கள். பக்கத்து வீட்டு எஸ்தரக்காள் தன் வீட்டு மூட்டையையும் கொண்டுவந்து போடுவாள். அதே எஸ்தரக்காளின் முருங்கை உப்புத் தண்ணீரில் பட்டுப்போனபோது, "உங்க வீட்டுக் கடல உங்க வீட்டோட வச்சுக்கிடுங்க" என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தாள், பிறகு அதே இடத்தில் தென்னங்கன்று நட்டாள், அது குதிபோட்டு வளர்ந்தது, மறுபடி பேசினாள். பி.எட். பரீட்சையில் கெசியாவுக்குப் பெஞ்சின்மேல் பிளாஸ்டிக் விரித்து, மை கலையும் என்பதால் பென்சிலால் எழுத விட்டார்கள். பெண் பார்க்க வந்த நாசரேத்துப் பக்கத்து வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டு, பெண்ணைப் பார்த்து, தரையையும் பார்த்துவிட்டு, "பிள்ள தங்கமான பிள்ள. எங்க வீட்டுல மாடி மரத்துல போட்டது, அதான் யோசிக்கோம்" என்று மரியாதையாகக் கிளம்பிப் போனார்கள். வருத்தம் இருந்தாலும் அவர்கள் சொன்னது நியாயம்தான் என்று தெரு பேசிக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பாத்திரத்தை வைக்கத் தெரிந்த ஊருக்குத் தனசிங் விஷயத்தில் மட்டும் எதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எல்லாரும் இருக்கிறார்கள் என்று அவன் சொன்னான், அவன் சொன்னதால்தான் சூசை அண்ணன் தேடவில்லை, அதை அவனே மறுக்கவில்லை. "காதுல கேட்டேன்" என்றுதான் கமிட்டியிலும் சொன்னான். "கெசியா சுருதி இருந்துச்சு. நான் கேட்டேன்." அவள் கடலில் இருந்தாள் என்று பொருளாளர் மெதுவாக எடுத்துச் சொன்னார். தனசிங் தலையைக் குனிந்துகொண்டான். இல்லாத குரல் கேட்கிற காதை நம்பிப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார், அது நியாயமான கேள்வியாக இருந்தது. பாடகர் குழுவை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

தூத்துக்குடியில் காது டாக்டர் சோதித்துவிட்டுக் குறை ஒன்றுமில்லை என்றார். தனசிங் அதை நம்பவில்லை. கீபோர்டைப் பெட்ஷீட்டால் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தான். காக்கை கத்தினால், கத்துகிறதா என்று அம்மாவிடம் கேட்டான். யாராவது பேசினால் அவர்கள் வாயையே பார்த்தான், பேச்சு முடிந்ததும் "என்ன சொன்னிய?" என்றான், நாளாக ஆகத் தானும் செவிடர்களைப் போலச் சத்தம் போட்டுப் பேசினான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தப்பாகப் பாடியபோதும் அவன் திருத்தவில்லை. தப்பு பிள்ளைகளிடம் இருக்கிறதா தன்னிடம் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அரைப்பரீட்சையோடு வேலையை விட்டுவிடப் போவதாகத் தலைமையாசிரியரிடம் சொன்னான். பாட்டைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

பியூலாவை ஊர் கொண்டாடியது. அவள்தான் கவனித்தாள், அவள்தான் கத்தினாள். ரத்தினபாய் பார்க்கும்போதெல்லாம் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டா எம்பிள்ள இல்ல மக்கா" என்பாள். பியூலாவுக்கு அந்தக் கைகளிலிருந்து தன் கையை எப்படி எடுப்பதென்று தெரியாது. தினமும் நான்கு மணிக்கு அந்த வீட்டுக்குப் போய்க் கெசியாவின் பின்னால் உட்கார்ந்து அவள் முடியைப் பிழிந்துவிடுவாள். பிழியப் பிழிய வரும். உள்ளங்கையில் தோல் வெடித்து உப்புப் பட்டு எரியும், எரிவது நன்றாக இருப்பது போல இன்னும் இறுக்கிப் பிழிவாள். யாருடைய குரலிலும் அவள் பேசிக்காட்டுவதில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், அதிர்ச்சி என்று அவளுடைய அம்மா சொன்னாள்.

டிசம்பர் பிறந்து, வீடுகளில் காகித நட்சத்திரம் கட்ட ஆரம்பித்த ஒரு நாள், முடியைப் பிழிந்துகொண்டிருந்தபோது கெசியா சொன்னாள்: "தனசிங் அண்ணன் வேலைய விடுதாவளாம்."

"ம்."

"ஸ்டீபன் போய்ப் பேசினானாம். அவன் சொன்னதையெல்லாம் எழுதிக் காட்டச் சொன்னாவளாம்."

பியூலாவின் கை நின்றது. தண்ணீர் தானாகச் சொட்டியது. "கெசியா, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னைக்குக் காத்து கரையில இருந்துதான அடிச்சுது. நீங்க சுருதி எடுத்தது அங்க கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு." கெசியா திரும்பவில்லை. "அதுக்கு முன்னால நான் கத்திக்கிட்டுத்தான் இருந்தேன். தொண்டை வலிக்கக் கத்தினேன். அப்போ எல்லாரும் எடுத்திய. ஸ்டீபன் கேட்டுச்சு, ரூபி கேட்டுச்சு, கடைசியா நான் கேட்டுச்சு. என் சத்தம். அங்க கரையில நான் உக்காந்து பாடிக்கிட்டு இருக்கேன். அப்போ இங்கன கத்துதது யாருன்னு யோசிச்சேன். சுத்திப் பார்த்தேன், தண்ணிதான் இருந்துச்சு. சரி, தண்ணிதான்னு நினைச்சிட்டு வாய மூடிட்டேன்."

பியூலாவுக்கு அழுகை வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. "இத்தன நாளா ஏன் கேக்கல?" என்றாள்.

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். தினம் வந்தியே. இன்னைக்குச் சொல்லுவா, இன்னைக்குச் சொல்லுவான்னு முடியக் கொடுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்." பிறகு சொன்னாள்: "எங்கிட்டச் சொல்லி என்ன? நான்தான் கேட்டேனே. கேட்டேனான்னு தெரியாம இருக்கது தனசிங் அண்ணன்தான்."

தனசிங் தன் வீட்டு வாசலில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான். பியூலா கேட்டைத் திறந்த சத்தத்துக்கு அவன் நிமிரவில்லை. நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தான். "அண்ணே" என்றாள். "சத்தமாச் சொல்லு" என்று அவன் கத்தினான். அவள் மறுபடி "அண்ணே" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, அன்று எடுத்த மாதிரியே, பானைக்குள்ளிருந்து எழும்புகிற மாதிரி, கெசியாவின் சுருதியை எடுத்தாள்.

தனசிங் கேட்டுக்கு வெளியே பார்த்தான். தெருவில் யாரும் இல்லை. தரையைப் பார்த்தான், ஈரம் இல்லை. பிறகு பியூலாவின் தொண்டையைப் பார்த்தான். ஊசி கையிலேயே இருந்தது.

"இன்னொருக்க" என்றான், இந்தத் தடவை சாதாரணமாக.

எடுத்தாள்.

"போதும்." அவன் கூரைமேல் இருந்த காக்கையைப் பார்த்தான். "அந்தக் காக்கா கத்துதுல்லா?"

"கத்துதுண்ணே."

"எனக்கும் கேக்கு." செருப்பைக் கீழே வைத்தான். "எட்டி, நான் எங்கம்மா கூப்பிட்டாக்கூட நம்பலட்டி. கூப்பிட்டாளா, இல்ல எனக்குள்ள மட்டும் கேக்கான்னு திரும்பிப் பார்க்காம இருந்திருக்கேன். தெரியுமா உனக்கு?" அவன் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் கத்தவில்லை. "போ. ஞாயித்துக்கிழமை சபையில சொல்லு. எனக்காகச் சொல்லாண்டாம். அந்தப் பிள்ளைய நாம தண்ணியில உட்டுட்டுச் சோறு திங்கப் போனோம்லா, அதுக்காகச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளுக்குப் பிறகு பியூலா எழுந்து சொன்னாள். சொன்னது யாருக்கும் முதலில் புரியவில்லை, ஆகவே அந்தச் சுருதியையும் எடுத்துக் காட்டினாள். சபை முழுதும் பக்கவாசலைத் திரும்பிப் பார்த்தது. கெசியாவின் வாய் மூடியிருந்தது. ரத்தினபாய் மட்டும் திரும்பவில்லை. கதவுக்கு வெளியே இருந்து காப்பி கேட்ட குரலை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பியூலாவின் கையைப் பிடித்திருந்த தன் இரண்டு கையையும் விரித்து, வேறு யாருடைய கையோ என்பது போல, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காயாத பெண்ணுக்கு நாற்காலி போட்ட ஊருக்கு இதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. இதில் அதிசயம் எதுவும் இல்லாததுதான் காரணமாக இருக்க வேண்டும். பியூலாவை யாரும் திட்டவில்லை. அவள் உட்கார்ந்தால் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்தது, அவள் கடைக்குப் போனால் பேச்சு நின்றது, கெசியாவிடமிருந்து சொட்டிய தண்ணீரைத் தாண்டிப் போகிறவர்கள் பியூலாவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாடகர் குழுவைத் தனசிங்கிடம் திருப்பிக் கொடுக்கக் கமிட்டி ஆள் அனுப்பியது. அவன் பள்ளிக்கூடத்து வேலையில் இருந்துகொண்டான், கீபோர்டையும் இறக்கினான். ஆனால் முதல் பயிற்சியன்று சுருதி எடுக்கச் சொல்லிவிட்டு, பாதியில் கண்ணைத் திறந்து, ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தான். கெசியா அங்கே உட்கார்ந்திருந்தாள், பாடவில்லை. கடலில் வாயை மூடியதிலிருந்து அவள் பாடவே இல்லை.

"இப்படி முடியாதுலே" என்றான் தனசிங். "சங்குமேட்டுக்குப் போவோம். அன்னைக்குக் கேக்காம விட்ட இடத்துலயே நின்னு கேப்போம்."

பொங்கல் விடுமுறையில் போனார்கள். ரத்தினபாயும் வந்தாள், பியூலாவுக்கு முன் சீட்டில், திரும்பாமல் உட்கார்ந்து வந்தாள். பனானா போட் வேண்டாம் என்று சூசை அண்ணனிடம் சொன்னார்கள். மே மாதக் காற்று இல்லை இப்போது, கொண்டல்; கடலிலிருந்து கரையைப் பார்த்து அடித்தது. பியூலா ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு பேர் உட்காரும் கயாக் ஒன்றில் தனியாக ஏறினாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சூசை அண்ணன் மட்டும், "காத்து எதிர்த்து அடிக்கு, பிள்ளே. கை ஓஞ்சுரும். கண்ணுக்கெட்டுற தூரத்தோட நில்லு, பின்னால போட்டுல நான் இருப்பேன்" என்றார்.

தனியாகத் தள்ளும்போது அந்தப் படகு எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் திரும்பியது, திருப்பினால் நின்ற இடத்திலேயே நின்றது. மணல்திட்டைத் தாண்டியதும் காலுக்குக் கீழே தண்ணீரின் நிறம் மாறியது. ரெண்டு தள்ளு தள்ளினா கரை என்று தான் சொன்னதை அவள் ஒவ்வொரு தள்ளுக்கும் நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது கரையில் இருந்தவர்கள் புள்ளிகளாக இருந்தார்கள், எது யார் என்று தெரியவில்லை. துடுப்பை மடியில் வைத்தாள். முன் சீட்டு காலியாக ஆடியது.

அவள் வாயைத் திறந்தாள், தன் குரலில், எந்தச் சுருதியிலும் இல்லாமல், கிறீச்சிட்டு உடைகிற தன் சொந்தக் குரலில் கத்தினாள்:

"அண்ணே! கெசியா இங்க இருக்கா! கெசியா இங்கதான் இருக்கா, அண்ணே, விட்டுட்டுப் போயிராதிய!"

கரையில் தனசிங் கண்ணை மூடி நின்றான். முகம் கடலின் பக்கம். பிறகு அவன் கையைத் தூக்கினான்.

"பியூலா" என்றான். "பியூலாதான் கத்துதா. கெசியா அங்க இருக்காளாம்."

கெசியா தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தாள். ரத்தினபாய் மகளைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே ஒரு அடி முன்னால் வந்து, கையை நீட்டப்போய் நிறுத்திக்கொண்டாள். காற்று அடித்தது. கெசியாவின் காதுக்கு மேலே ஒரே ஒரு முடி, மற்ற முடியெல்லாம் கழுத்தோடு ஒட்டிக் கிடக்க, எழும்பிப் பறந்தது.

கடலுக்குள் இருந்தவளுக்கு அது தெரியாது. அவள் கத்திக்கொண்டே இருந்தாள்.